முகாமில் கம்ப்யூட்டர் ‘சந்தேகம்’ என்றது, லேபில் ‘இல்லை’ என்றார்கள்: எதை நம்புவது, எதற்குப் பணம் கொடுப்பது?

புதிதாக வாசிப்பவர்களுக்காக உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கு வந்த காசநோய் முகாமில், கையில் பிடித்துக்கொள்ளும் எக்ஸ்ரே கருவியால் உங்கள் அப்பாவுக்கு நெஞ்சுப் படம் எடுத்தார்கள். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் அங்கேயே ‘காசநோய் சந்தேகம்’ என்று காட்டியது. சளி வாங்கி அனுப்பினார்கள். ட்ரூநாட் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. அப்பாவுக்கு 63 வயது, சர்க்கரை இருக்கிறது, இருபது வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை டி.பி. வந்து மருந்தை முழுசாகச் சாப்பிட்டு முடித்தவர். வீட்டில் கைக்குழந்தை இருப்பதால் எல்லோரும் பயந்துபோயிருக்கிறீர்கள். இதற்கு நடுவே உங்கள் பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், அதே மாதிரி ஒரு கருவியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று பணம் திரட்டுகிறது. ‘கம்ப்யூட்டரை நம்புவதா, லேபை நம்புவதா’ என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இந்தப் புதுக் கருவிகளால் ஜனங்களுக்கு நிஜமாகவே நோய் குறைகிறதா, இல்லை பேப்பரில் படம் வருவதோடு சரியா?

நான் தமிழ்நாட்டில் மாவட்டக் காசநோய்ப் பிரிவில் மருத்துவ அலுவலராகப் பல வருஷம் வேலை பார்த்தவன். எக்ஸ்ரே நிபுணர் இல்லை, உங்கள் அப்பாவின் படத்தையும் பார்க்கவில்லை. அதனால் அவருக்கு நோய் இருக்கிறதா என்று இங்கே உட்கார்ந்து சொல்ல மாட்டேன். படத்தைப் பார்க்காமல் வேறு யாராவது சொன்னாலும் கேட்டுக்கொள்ளாதீர்கள். ஆனால் அந்த இரண்டு முடிவுகளும் ஏன் முரண்படுகின்றன என்பதை விளக்க முடியும். பார்க்கப்போனால் முரண்பாடே இல்லை.

ஏராளமான நெஞ்சுப் படங்களைப் பார்த்துப் பழகிய அந்த மென்பொருள், புதுப் படம் ஒன்றைக் கொடுத்தால் அதற்கு மதிப்பெண் போடும், பெரும்பாலும் 0 முதல் 100 வரை. எத்தனை மதிப்பெண்ணைத் தாண்டினால் ‘சந்தேகம்’ என்று காட்டவேண்டும் என்பதைத் திட்டத்தை நடத்துபவர்கள் வைக்கிறார்கள். கோட்டைத் தாழ்த்தி வைத்தால் நோயாளிகள் தப்பமாட்டார்கள், ஆனால் நோயில்லாத பலரும் மாட்டுவார்கள். உயர்த்தி வைத்தால் தலைகீழ். உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் இந்த மென்பொருள்களை 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் பயன்படுத்தலாம் என்று பரிந்துரைத்தபோது, முதல்கட்டமாகச் சலித்தெடுப்பதற்கு (ஸ்கிரீனிங்) என்றுதான் சொன்னது. கோயில் வாசலில் மெட்டல் டிடெக்டர் ‘பீப்’ என்றால் பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், விலங்கு மாட்டமாட்டார்கள் இல்லையா, அந்த அளவுதான் இதற்கும் மரியாதை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் பயம் பாதி குறையும். இந்தியாவில் 2019 முதல் 2021 வரை தேசிய அளவில் ஒரு காசநோய் பரவல் கணக்கெடுப்பு நடந்தது. சென்னை சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதற்கு முன்னின்றது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் லட்சத்துக்கு 300-க்குச் சற்று மேற்பட்டோருக்கு நுரையீரல் காசநோய் இருப்பது அதில் தெரிந்தது. அதாவது ஆயிரம் பேருக்கு மூன்று பேர். இப்போது உங்கள் ஊர் முகாமுக்கு ஆயிரம் பேர் வந்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சலித்தெடுக்கும் கருவிக்கு உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் குறைந்தபட்சத் தகுதி, நோயுள்ள நூறு பேரில் 90 பேரைப் பிடிக்கவேண்டும், நோயில்லாத நூறு பேரில் 70 பேரைச் சரியாக விடவேண்டும் என்பது. அந்தத் தகுதியோடு ஒரு கருவி வேலை செய்தால், மூன்று நோயாளிகளையும் அநேகமாகப் பிடித்துவிடும். கூடவே நோயில்லாத 997 பேரில் கிட்டத்தட்ட 300 பேருக்கும் ‘சந்தேகம்’ என்று சொல்லும். ஆக நூறு ‘சந்தேக’த்தில் ஒன்றுதான் உண்மை. கருவி மோசம் என்று இதற்கு அர்த்தம் கிடையாது. அரிதாக இருக்கும் ஒன்றைக் கூட்டத்தில் தேடினால் எந்தக் கருவிக்கும் இதுதான் கதி. முகாமில் வேலை செய்பவர்கள் இதைச் சொல்லி அனுப்பியிருந்தால் உங்கள் வீட்டில் இத்தனை நாள் தூக்கம் கெட்டிருக்காது.

அப்படியானால் எதற்கு எடுக்கிறார்கள்? அதே கணக்கெடுப்பில் இன்னொரு விஷயம் தெரிந்தது. கண்டுபிடிக்கப்பட்ட நோயாளிகளில் 42.6 சதவீதம் பேர், எக்ஸ்ரே எடுக்காமல் அறிகுறியை மட்டும் கேட்டிருந்தால் தெரியாமலே போயிருப்பார்கள். ‘இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்கிறதா’ என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் காலம் காலமாக ஓட்டினோம். இருமாதவர் எங்கள் கண்ணிலேயே படவில்லை. எக்ஸ்ரேயை ஊருக்குள் கொண்டுபோவதில் நியாயம் இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஒரு பட நிபுணருக்காக மூன்று பி.எச்.சி. காத்திருக்கும் இடத்தில், படத்தைப் படிக்க மென்பொருள் இருப்பதும் நல்லதுதான்.

உங்கள் அப்பா விஷயத்துக்கு வருகிறேன். டாக்காவில் சுமார் 24,000 பேரின் எக்ஸ்ரேக்களை வைத்து இப்படிப்பட்ட ஐந்து மென்பொருள்களைச் சோதித்த ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அங்கிருந்த எக்ஸ்ரே மருத்துவர்களைவிட ஐந்துமே நன்றாகச் செய்தன. ஆனால் வயதானவர்களிடமும், ஏற்கெனவே காசநோய் வந்து போனவர்களிடமும் அவற்றின் துல்லியம் குறைந்தது. காரணம் எளிது. பழைய நோய் ஆறிய இடத்தில் நுரையீரலில் தழும்பும் சுண்ணப் புள்ளியும் தங்கிவிடும். அது பழசா புதுசா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்வது அனுபவப்பட்ட டாக்டருக்கே கஷ்டம். உங்கள் அப்பா இரண்டு வகையிலும் சேருகிறார். ஆகவே பழைய தழும்புதான் மதிப்பெண்ணை ஏற்றியிருக்கும் என்று நினைக்க இடமிருக்கிறது. மறுபக்கத்தையும் சொல்லிவிடவேண்டும்: ஒருமுறை டி.பி. வந்தவருக்கு மறுபடி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், சர்க்கரையும் அந்த ஆபத்தை இரண்டு மூன்று மடங்கு கூட்டும். அதனால் ‘தழும்புதான்’ என்று நீங்களே முடிவுகட்டி விட்டுவிடக்கூடாது.

ட்ரூநாட் சொன்ன ‘இல்லை’யின் எடை எவ்வளவு? மைக்ரோஸ்கோப்பில் கிருமி தெரிய ஒரு மில்லி சளியில் ஐயாயிரம் பத்தாயிரம் கிருமிகளாவது இருக்கவேண்டும். ட்ரூநாட்டும் சிபிநாட்டும் கிருமியின் மரபணுவைத் தேடுவதால் அதைவிட மிகக் குறைவாக இருந்தாலும் பிடித்துவிடும். கோவாவிலுள்ள நிறுவனம் தயாரிக்கும் ட்ரூநாட் பேட்டரியில் ஓடும், ஏ.சி. ரூம் கேட்காது, ஒரு மணி நேரத்தில் பதில் சொல்லும். எங்கள் துறைக்குக் கிடைத்த உருப்படியான கருவிகளில் அதுவும் ஒன்று. ஆனால் குழாயில் சளி இருந்தால்தானே? முகாம்களில் நான் அடிக்கடி பார்த்தது இதுதான்: பந்தலுக்குப் பின்னால் பகல் பதினோரு மணிக்கு, தெரிந்தவர்கள் நாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க, வெட்கப்பட்டுக்கொண்டே துப்பிக் கொடுப்பார்கள். லேப் டெக்னீஷியன் குழாயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் மாதிரி, நுரை நுரையாக எச்சில். அதைப் போட்டாலும் கருவி ‘இல்லை’ என்றுதான் சொல்லும். எச்சிலில் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

எனவே முதல் வேலை, காலையில் எழுந்ததும் எடுத்த சளியைக் கொண்டுபோய் இன்னொரு முறை சோதிக்கச் சொல்வது. குழாயை முதல்நாளே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வெறும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு, வீட்டுக்கு வெளியே காற்றோட்டமான இடத்தில் நின்று, இரண்டு மூன்று முறை ஆழமாக மூச்சு இழுத்து, அடி நெஞ்சிலிருந்து இருமச் சொல்லுங்கள். கெட்டியாக, இரண்டு மில்லிக்குக் குறையாமல் வரவேண்டும். இரண்டாவது வேலை, பழைய எக்ஸ்ரே எங்காவது இருக்கிறதா என்று பரணில் தேடுவது. ஐந்தாறு வருஷத்துக்கு முன்னால் வேறு காரணத்துக்காக எடுத்ததாக இருந்தாலும் பரவாயில்லை. பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் வைத்து நெஞ்சக நோய் மருத்துவர் பார்த்தால், எந்த மென்பொருளும் சொல்ல முடியாததை ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். மாற்றம் இருந்தாலோ, சாயங்காலக் காய்ச்சல், எடை குறைதல், பசியின்மை இருந்தாலோ, சளியைக் கல்ச்சருக்கு, அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு, அனுப்புவார்கள். அதன் முடிவு வர ஆறு வாரம்கூட ஆகும். தேவைப்பட்டால் சி.டி. எடுக்கச் சொல்வார்கள். சளியில் ரத்தம் வந்தால் காத்திருக்காமல் அன்றைக்கே ஜி.எச்.சுக்குப் போங்கள்.

‘எதற்கும் இருக்கட்டும், ஆறு மாத மருந்தை ஆரம்பித்துவிடலாம்’ என்று யாராவது அவசரப்படுத்தினால், என்ன ஆதாரத்தில் என்று கேளுங்கள். அந்த மருந்துகள் உயிர் காப்பவைதான். ஆனால் ஈரலைப் பாதிக்கக்கூடியவை, வயதானவர்களிடம் அந்த ஆபத்து கூடுதல். நேர்மாறான பொறியும் ஒன்று உண்டு. முன்பு டி.பி. வந்தவர்களின் சளியில், செத்துப்போன கிருமியின் மரபணுத் துணுக்கைக்கூட இந்தப் பரிசோதனைகள் சில நேரம் ‘இருக்கிறது’ என்று காட்டிவிடும். இதனால்தான் முடிவுத் தாளை மட்டும் பார்க்காமல் ஆளையும் பார்க்கவேண்டும் என்கிறோம். குழந்தையைப் பற்றிக் கேட்டீர்கள். இப்போது இருக்கும் முடிவுகளை வைத்து அப்பாவைத் தனியறையில் போடவேண்டியதில்லை. இருமல் இருந்தால் மாஸ்க், ஜன்னலைத் திறந்து வையுங்கள், போதும். நோய் உறுதியானால் குழந்தையைப் பரிசோதித்துத் தடுப்பு மருந்து கொடுப்பார்கள், அதற்குத் தெளிவான நடைமுறை இருக்கிறது.

இனி இரண்டாவது கேள்வி. புதுக் கருவி வந்தால் அதிகம் பேரைக் கண்டுபிடிக்கலாம் என்பது நிச்சயம். அதனால் சாவு குறையுமா, ஊரில் நோய் குறையுமா என்று கேட்டால் பதில் அவ்வளவு சுலபமாக வராது. சிபிநாட் பரிசோதனையை உலக சுகாதார நிறுவனம் 2010-இல் அங்கீகரித்தபோது டி.பி.யின் கதையே மாறப்போகிறது என்று நாங்கள் எல்லோரும் பேசினோம். தென்னாப்பிரிக்கா அதை நாடு முழுக்கக் கொண்டுவந்தது, கூடவே முறையாக ஆய்வும் செய்தது. மைக்ரோஸ்கோப் பார்த்த கிளினிக்குகளுக்கு வந்தவர்களையும் புதுக் கருவி வைத்த கிளினிக்குகளுக்கு வந்தவர்களையும் ஆறு மாதம் தொடர்ந்து கவனித்தார்கள், மொத்தம் 4,656 பேர். இறந்தவர்களின் விகிதம் பழைய முறையில் 5 சதவீதம், புதிய முறையில் 3.9 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் மற்ற வேறுபாடுகளைக் கழித்துக் கணக்கிட்டபோது அது தற்செயலாகவே இருக்கலாம் என்று ஆகிவிட்டது. கருவி பிழையில்லாமல்தான் வேலை செய்தது. பழைய முறையில் சளியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் அனுபவத்தை வைத்து மருந்து ஆரம்பிக்கும் டாக்டர்கள் இருந்தார்கள். புதிய முறையிலோ, கண்டுபிடித்தும் மருந்துக்கு வராமல் போனவர்களும், ‘இல்லை’ என்று வந்தபிறகு யாரும் திரும்பிக் கூப்பிடாதவர்களும் இருந்தார்கள்.

வியட்நாமின் கா மாவ் மாகாணத்தில் அதே பரிசோதனையை வேறு விதமாகப் பயன்படுத்தினார்கள். மூன்று வருஷம், வருஷத்துக்கு ஒருமுறை, வீடு வீடாகப் போய், இருமல் இருக்கிறதா என்று கேட்காமலே பெரியவர்கள் எல்லோரிடமும் சளி கேட்டு வாங்கிச் சோதித்தார்கள். கண்டுபிடித்தவர்களுக்குச் சிகிச்சை. நான்காவது வருஷம் பார்த்தபோது, இப்படிச் செய்த ஊர்களில் லட்சத்துக்கு 126 பேருக்கு நோய், செய்யாத ஊர்களில் 226 பேருக்கு. 2019-இல் இந்த முடிவு வந்தபோது எங்கள் துறையில் பலருக்கு ஆச்சரியம். இரண்டு நாட்டிலும் இருந்தது ஒரே கருவி. ஓர் இடத்தில் அது கிளினிக்கில் உட்கார்ந்திருந்தது, இன்னோர் இடத்தில் அதன் பின்னால் வருஷா வருஷம் கதவைத் தட்டும் ஆட்கள் இருந்தார்கள். ஒருநாள் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டால் இந்தப் பலன் கிடைக்கும் என்பதற்கு எனக்குத் தெரிந்து ஆதாரம் இல்லை.

நம் மாநிலத்திலிருந்தே ஒன்றைச் சொல்கிறேன், இதைப் பற்றி வெளியே அவ்வளவாகப் பேசுவதில்லை. டி.பி.யால் இறப்பவர்களில் பெரும்பகுதியினர் நோய் தெரிந்து முதல் இரண்டு மாதங்களுக்குள் இறக்கிறார்கள். மருந்து வேலை செய்வதற்குள் உடம்பு தாங்குவதில்லை. 2022-இல் தமிழ்நாடு ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ என்ற ஒன்றைத் தொடங்கியது. சென்னையிலுள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் வகுத்துக் கொடுத்த முறை அது. நோய் உறுதியான அன்றே, டாக்டருக்காகக் காத்திராமல், பணியாளரே ஐந்து விஷயங்களைப் பார்க்கவேண்டும்: உயரத்துக்கு ஏற்ற எடை, காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரலில் மாட்டும் கருவியில் ஆக்சிஜன் 94-க்குக் கீழா, துணையில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. ஐந்தடி மூன்று அங்குலம் உயரமுள்ள ஒருவர் 36 கிலோகூட இல்லை என்றால் அந்த ஒரு காரணமே போதும், நேரே வார்டில் சேர்க்கவேண்டும். தேவையான சாமான் எடை மிஷின், உயரம் அளக்கும் கம்பம், ஆக்சிமீட்டர், மூச்சு எண்ண ஒரு கைக்கடிகாரம். இதெல்லாம் தொழில்நுட்பமா என்று கேட்கலாம். அந்த ஐந்தை மட்டும் பார்த்தால் போதும் என்று தேர்ந்தெடுத்த அறிவும், அதைத் தினமும் பார்த்து எழுத வைத்த ஏற்பாடும்தான் அதிலுள்ள தொழில்நுட்பம். பின்னால் அந்த விவரங்களை வைத்தே, இந்த நோயாளி இறக்கும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று செயலியில் கணிக்கும் வசதியும் சேர்ந்தது. கம்ப்யூட்டர் கடைசியில் வந்தது, எனக்குப் பிடித்ததே அந்த வரிசைதான்.

மாத்திரையைக் கண்காணிக்க வந்த ஏற்பாட்டையும் சொல்லவேண்டும். மாத்திரை அட்டைக்கு மேல் ஒரு காகித உறை. மாத்திரையை அழுத்தி எடுத்தால் உள்ளே மறைந்திருக்கும் தொலைபேசி எண் தெரியும். அதற்கு இலவசமாக ஒரு மிஸ்டு கால் கொடுத்தால் அன்றைக்குச் சாப்பிட்டதாகப் பதிவாகும். யோசனையாகப் பார்த்தால் அபாரம். நடைமுறையில், மாத்திரை சாப்பிட்டும் போன் பண்ணாதவர்கள் நிறைய. போன் மட்டும் பண்ணிவிட்டு மாத்திரையைத் தவிர்த்தவர்களும் உண்டு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் மகன் கையில், ரீசார்ஜ் தீர்ந்திருக்கும். சென்னை, வேலூர், மும்பையில் நடந்த ஆய்வுகளும் இதன் துல்லியத்தை அவ்வளவாக மெச்சவில்லை. ட்ரோனில் சளி அனுப்புவது, இருமல் சத்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் செயலி இவற்றைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். மலைக்கிராமத்துக்கு ட்ரோன் பயன்படலாம், உங்கள் ஊரில் பைக்கே போதும். இருமல் செயலியை இப்போதைக்கு ஆய்வாளர்களிடமே விட்டுவிடுங்கள்.

சங்கத்துக்கு நான் சொல்லக்கூடியது இது. பணம் கொடுப்பதற்கு முன்னால் உங்கள் மாவட்டக் காசநோய் துணை இயக்குநரைப் பார்த்து, மாவட்டத்தில் ஏற்கெனவே எத்தனை கையடக்க எக்ஸ்ரே இருக்கிறது, மாதத்தில் எத்தனை நாள் வெளியே போகிறது என்று கேளுங்கள். எக்ஸ்ரே கருவிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் வேண்டும், இயக்க ரேடியோகிராபர் வேண்டும். பி.எச்.சி.யில் அந்த ஆள் இல்லையென்றால் பெட்டி பீரோவுக்குள்தான் இருக்கும். ‘சந்தேகம்’ என்று வந்தவர்களில் எத்தனை பேருக்குச் சளிப் பரிசோதனை முடிந்தது, நோய் உறுதியானவர்களில் எத்தனை பேர் மருந்து ஆரம்பித்தார்கள் என்றும் கேளுங்கள். அந்த இடத்தில் பலர் உதிர்ந்திருந்தால், இன்னொரு கருவி வாங்கி ‘சந்தேக’ப் பட்டியலை நீட்டுவதில் பயன் இல்லை. அந்தப் பணத்தில் சளிக் குழாயைத் தினமும் லேபுக்குக் கொண்டுபோக ஒருவருக்குப் பெட்ரோல் செலவு கொடுக்கலாம்.

அப்புறம், சாப்பாடு. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில், டி.பி. நோயாளிகளின் வீட்டில் இருந்தவர்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-இல் வந்த முடிவின்படி, அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. இவ்வளவு பலன் தரும் மென்பொருள் எதையும் நான் இன்னும் பார்க்கவில்லை. அரசு நோயாளிக்கு மாதம் கொடுத்த 500 ரூபாய் 2024 நவம்பரிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது, ஆனால் அது நோயாளிக்கு மட்டும்தான். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு யார் தருவது? 2022-இல் தொடங்கிய நிக்ஷய் மித்ரா ஏற்பாட்டில் சங்கங்களும் தனிநபர்களும் நோயாளிகளைத் தத்தெடுத்து மாதாமாதம் உணவுப் பை கொடுக்கலாம். உங்கள் பி.எச்.சி. எல்லைக்குள் இருக்கும் நோயாளிகளின் குடும்பங்களுக்கு வருஷம் முழுக்கக் கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள், கருவியின் விலையோடு ஒப்பிட்டால் ஆச்சரியப்படுவீர்கள். இதற்குப் பிறகும் கருவிதான் வாங்குவது என்று முடிவானால், பராமரிப்பு ஒப்பந்தமும் மென்பொருள் சந்தாவும் எத்தனை வருஷத்துக்கு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் வருஷம் இலவசம் என்பார்கள், இரண்டாம் வருஷம் அந்தச் சந்தாவை யார் கட்டுவார்கள் என்பதை இப்போதே பேசி முடித்துவிடுங்கள்.